மச்சான் மாட்டிய அகல வீல்கள்

"நட்டு பூந்துடுச்சி மாப்ள, இனிமே இன்னா பேஜாரு?"

இதைச் சொன்னவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். விழுப்புரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய ஜீப் வீல்களை எங்கள் வேனில் மாட்டிவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு சொன்னார். எண்பதுகளின் நடுவில் நடந்தது. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வேன் எங்கள் இருவருக்கும் பொது. திண்டிவனத்தில் வைத்து நான் ஓட்டினேன். விழுப்புரத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் உத்தரவு போட்டார். பாண்டிச்சேரி ரோட்டில், வளவனூர் பக்கம், எவனோ ஒருவன் அகல டயர் போட்ட வேனில் போனதைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் வேனின் டயர் அவர் கண்ணுக்குச் சைக்கிள் டயராகத் தெரிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வீல்களைக் கழற்றி அதே இரும்புக் கடையில் போட்டுவிட்டார். ஓட்டுகிறவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நட்டு நுழைந்தால் வீல் பொருந்திவிட்டது என்று அர்த்தமா? செருப்புக்குள் கால் நுழைந்தால் போதுமா, நடக்க வேண்டாமா? வீலின் நடுவில் நட்டு முடுக்குகிற தட்டு இருக்கிறதே, அது வண்டிக்கு வண்டி ஓர் அளவு உள்ளேயோ வெளியேயோ தள்ளியிருக்கும். டயர் எந்த இடத்தில் நிற்கும் என்பதை அந்தத் தட்டுதான் முடிவு செய்கிறது. இந்த வீல்களின் தட்டு வேறு வண்டிக்கு அளவெடுத்துச் செய்தது. பின்டயர் உள்ளே போய் ஸ்பிரிங் பட்டையைத் தேய்த்தது. அதை அவரிடமே காட்டினேன்.

"பேக்கிங் குடுத்தா சரியாப்பூடும்" என்றார்.

பேக்கிங்! எங்கள் பக்கத்தில் எது பொருந்தாவிட்டாலும் மருந்து இதுதான். கதவு ஆடினால் பேக்கிங், இன்ஜின் அதிர்ந்தால் பேக்கிங், கட்டில் கால் குட்டையாக இருந்தாலும் பேக்கிங். வீலுக்குப் பின்னால் ஒரு தடித்த இரும்பு வளையத்தைச் செருகி டயரை வெளியே தள்ளினார்கள். நட்டு பிடிக்கப் போல்ட்டில் மரை பாதிதான் மிஞ்சியது. டயர் இப்போது மட்கார்டின் விளிம்புக்கு நேர் கீழே வந்து நின்றது. மச்சான் இரண்டுக்கும் நடுவே நாலு விரலை விட்டு ஆட்டிக் காட்டினார்.

"காலி வண்டியில விரல் பூறும் மச்சான். ஆளுங்க ஏறினா வண்டி உக்காருமே, அப்ப எங்க பூறும்?" என்று கேட்டேன்.

"எதுக்கெடுத்தாலும் அபசகுனமா பேசிக்கினு!" என்று சொல்லி, வீல்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நசுக்கிக்கொண்டு போனேன். பெண் எடுத்த வீடு. அதற்கு மேல் என்ன பேசுவது?

அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூரில் என் மகளுக்கு முதல் மொட்டை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முடியிறக்க வேண்டும். அதனால் அன்றைக்கு மச்சான் வைத்ததுதான் சட்டம். இரண்டு வீட்டுச் சனத்தையும் திண்டிவனத்தில் வேனுக்குள் திணித்தார். வண்டி உட்கார்ந்தது. என் மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின்வீலுக்கு மேலே இருந்த சீட்டில் உட்கார்ந்தாள். வேறு இடம் மிச்சமில்லை. மச்சான் முன்னால், என் பக்கத்தில், காற்று வாங்கிக்கொண்டு.

செஞ்சி வரைக்கும் ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் சரக் சரக்கென்று சத்தம். செஞ்சியைத் தாண்டியதும் ரப்பர் கருகுகிற நாற்றம். வண்டியை ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தேன். மட்கார்டு விளிம்பு டயரின் ஓரத்தைச் சீவித் தள்ளியிருந்தது. உள்ளேயிருந்து நூல் வெளியே தெரிந்தது. அதற்கு நேர் மேலே, ஒரு தகட்டுக்கும் ஒரு சீட்டுக்கும் அந்தப் பக்கம், என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். டயர் வெடித்தால் முதலில் அடிபடுவது அவள்தான்.

சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "வண்டி போவாது. எல்லாரும் எறங்குங்க."

வேனுக்குள் என்ன திட்டு! "நல்ல நாளும் அதுவுமா சாமி காரியத்த நிறுத்துறான் பாரு" என்றது ஒரு குரல். வீலை மாட்டின மனிதரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தாய்மாமன். வண்டியை நிறுத்தின நான்தான் பாவி.

"திருஷ்டி கழிஞ்சிச்சின்னு நெனச்சிக்க மாப்ள. இன்னும் கொஞ்ச தூரம்தான். ஒண்ணியும் ஆவாது, நான் சொல்றேன், ஜல்தி எடு" என்றார் அவர். வீல் ஸ்பேனர் மட்டும் அப்போது என் கையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அப்போதுதான் என் மனைவி குழந்தையோடு இறங்கி வந்தாள். அண்ணனை எதிர்த்து அவள் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை.

"எப்பிடியும் உன் மடியிலதானேண்ணா மொட்டை. இப்பவே புள்ளைய வாங்கிக்க. நான் உக்காந்துக்கினு வந்த சீட்டுல நீ உக்காரு. அவர வண்டி எடுக்கச் சொல்றேன்."

குழந்தையை நீட்டியபடியே நின்றாள். மச்சானின் கைகள் வரவில்லை. குழந்தையையும் அந்த டயரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வெயிலாக் கீது, பஸ்ஸுலயே போயிடலாம்" என்றார்.

அதுவரைக்கும் ஆபத்து அவருக்குத் தெரியவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.