அட்சய திருதியை அன்று நான் பிடித்த ஹேக்கர்கள்

சைன்-அப் என்றால் இரண்டு பெட்டி, ஒரு பட்டன். மேல் பெட்டியில் பெயர், கீழ்ப் பெட்டியில் பாஸ்வேர்டு, அதற்கடியில் நீல நிறத்தில் பட்டன். மிச்சத்தையெல்லாம் யாரோ ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் கிளவுட் லைப்ரரி பார்த்துக்கொள்ளும். நாற்பத்தெட்டு வயதில், இருபது வருடத்துக்கு மேல் சாஃப்ட்வேரில் குப்பை கொட்டிய பிறகும் நான் மனதார நம்பியது இதுதான். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மீட்டிங்கில் வாயைத் திறந்து சொல்லியும் விட்டேன்.

என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். அதுவரை நான் எழுதியதெல்லாம் வங்கிகளுக்கான ரிப்போர்ட்டுகள். லாகின் பக்கத்தோடு எனக்கிருந்த ஒரே உறவு, பாஸ்வேர்டை மறப்பது.

புனே ஹிஞ்சேவாடி ஆபீசில் எங்கள் குழு மூன்றே பேர். மேனேஜர் ரங்கநாதன், சென்னைக்காரர். நித்யா, கோயம்புத்தூர்ப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், என்னைவிட நிதானமானவள். அப்புறம் மதுரைக்காரனான நான், முத்துக்குமார். கஸ்டமர் சாவந்த். ரத்னகிரிப் பக்கத்திலிருந்து ஹாபூஸ் மாம்பழம் இறக்கிப் புனே முழுக்க விற்பவர். பழப்பெட்டிகளை முன்பதிவு செய்ய ஓர் ஆப் கேட்டிருந்தார்.

"முத்து, சைன்-அப்புக்கு எத்தன நாள் போடட்டும்?" என்றார் ரங்கநாதன்.

"நாளா? ஒரு மத்தியானம் போதும் சார்."

மேஜைக்கடியில் நித்யா என் காலை மிதித்தாள். "ஏனுங்ண்ணா இப்படி?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

ரங்கநாதனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட்சய திருதியைக்கு லைவ். சாவந்த் வீட்ல அன்னிக்குத்தான் மாம்பழத்த வச்சுப் பூஜை பண்ணி சீசன ஆரம்பிப்பாங்களாம். இது சொதப்பிச்சுன்னா சாவந்த் கெளம்பிடுவார். நாம மூணு பேரும் பெஞ்ச், பாத்துக்கோ."

பெஞ்ச் என்றால் ப்ராஜெக்ட் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பது. இருபத்தைந்து வயதில் அது விடுமுறை. நாற்பத்தெட்டில் அது பிரிவுபசார விழாவின் ஒத்திகை.

எண்டர், எண்டர், எண்டர்

அந்த லைப்ரரியை நிறுவும்போது கறுப்புத் திரையில் வரிசையாகக் கேள்வி கேட்கும். உங்கள் பயனர்கள் எதை வைத்து உள்ளே வருவார்கள், பெயரா, மின்னஞ்சலா, மொபைல் எண்ணா? எது கட்டாயம்? ஆளை உறுதிசெய்யும் ரகசிய எண்ணை, அதாவது கோடை, எப்படி அனுப்ப வேண்டும்? இருபது வருடமாக எந்த சாஃப்ட்வேர் எதைக் கேட்டாலும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: எண்டர். அன்றும் எல்லாவற்றுக்கும் அதையே சொன்னேன். காபி ஆறுவதற்குள் இரண்டு பெட்டியும் நீல பட்டனும் திரையில் வந்து நின்றன. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

சாவந்த் பார்க்க வந்தார். எங்களிடம் அவர் பேசுவது மராட்டி கலந்த இந்தி, தமிழில் தருகிறேன்.

"யூசர்நேமா? அது எதுக்கு முத்துபாவு? எங்க கஸ்டமருக்கு மொபைல் நம்பரத் தவிர எதுவும் ஞாபகம் இருக்காது. அதக் கேட்டாப் போதும்."

'பாவு' என்றால் அண்ணன் தம்பி முறை. அந்த ஒரு வார்த்தைக்காகவே மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று செட்டிங்ஸைத் திறந்தேன். 'எதை வைத்து உள்ளே வருவார்கள்' என்ற கேள்வி இருந்த இடம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. எத்தனை முறை கிளிக் செய்தாலும் அசையவில்லை.

"அது ஆரம்பத்துல ஒருக்காத்தான் கேக்குமுங்ண்ணா," என்றாள் நித்யா. "அப்பறம் மாத்த முடியாது. மொத்தமா அழிச்சுப்போட்டுப் புதுசாத்தான் பண்ணோணும்."

அழித்தோம், புதிதாகச் செய்தோம். சோதனைக்காக உருவாக்கும் போலிக் கணக்குகளைத் துடைக்க நித்யா ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதி வைத்தாள். ஓடவிட்டால் உள்ளே இருக்கும் அத்தனை கணக்கும் ஒரே மூச்சில் காலி. எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. கோடு பிழையா, ஸ்கிரிப்ட்டை ஓட்டு. லாகின் சிக்கிக்கொண்டதா, ஸ்கிரிப்ட்டை ஓட்டு. 'ஒரு மத்தியானம்' என்று நான் சொன்னது ஒரு மாதத்தைத் தாண்டியது. அந்த மாதத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: எல்லாப் பிரச்சினையும் அழித்தால் தீரும்.

தாக்குதல்

அட்சய திருதியை வந்தது. பொதுமக்களுக்கு லிங்க் சாயங்காலம்தான். காலையில் சாவந்த் மட்டும் ஒரு கணக்குத் தொடங்கிச் சரிபார்ப்பதாக ஏற்பாடு. ரங்கநாதன் வெளியே ஒரு வேலை இருக்கிறது, தாமதமாக வருவேன் என்று சொல்லியிருந்தார். நித்யா வந்த கம்பெனி வண்டி வாகட் மேம்பாலத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. ஆக, கோட்டைக்குக் காவல் நான் ஒருவன்.

பயனர் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் பெயர் வந்தது. 'பாயி' என்று முடியும் ஏதோ ஒரு பெண் பெயர், கூடவே சாவந்த். நம்மாள் வீட்டில் யாரோ என்று விட்டுவிட்டேன். உடனே இன்னொரு சாவந்த். அதன் பின்னால் இன்னொரு சாவந்த். பிறகு சாவந்த் சாவந்தாகக் கொட்டியது. எல்லாம் ஒரே இணைய முகவரியிலிருந்து. நடுநடுவே 'கோடு தவறு', 'கோடு தவறு' என்று சிவப்பு வரிகள் வேறு.

கஸ்டமரின் பெயரைத் தெரிந்துகொண்டு, அதே குடும்பப் பெயரில் போலிக் கணக்குகளை உருவாக்கி, கோடுகளை ஊகித்து ஊகித்து அடிக்கிறான் எவனோ! இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே பட்டியலில் வந்து விழுந்தது: ரங்கநாதன். எங்கள் ரங்கநாதன். அவருடைய மொபைல் எண்ணோடு.

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். மேனேஜரின் எண்ணையே திருடிவிட்டார்கள்! அவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கடத்தியிருப்பார்களோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. நித்யாவைக் கூப்பிட்டேன்.

"ஹேக் பண்றாங்கம்மா! உள்ள பூரா சாவந்த்தா இருக்கு!"

"ண்ணா, எதையும் தொடாதீங்க. நான் வந்துர்றேன். வண்டி நவுரவே மாட்டேங்குது."

"சரிம்மா, தொடல," என்று சொல்லிக்கொண்டே ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டேன். பட்டியல் துடைத்த பலகை மாதிரி ஆயிற்று. கையோடு சைன்-அப்பையும் மூடினேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். கம்பெனியில் எல்லோருக்கும் போகப்போகிற பாராட்டு மெயிலில் என் பெயரைத் தடித்த எழுத்தில் போடுவார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சாவந்த். பின்னணியில் பூஜை மணி, ஒரு கல்யாண வீட்டின் இரைச்சல்.

"முத்துபாவு, என்ன ஆச்சு? ஆயி உள்ள போனாங்க, மாம்பழப் படம் பாத்தாங்க, சந்தோஷப்பட்டாங்க. இப்பத் திடீர்னு 'நீங்க யாரு'ன்னு கேக்குது!"

ஆயி என்றால் அம்மா. துடைத்துப் போட்ட பட்டியலைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆயி மட்டுமா பாவு?"

"எல்லாருந்தான். பூஜை முடிஞ்சதும் ஆயி பேர்ல முதல் கணக்கு, அப்பறம் சித்தப்பா, பெரியண்ணி, தம்பிங்கன்னு வயசு வரிசைல. எங்க வீட்ல புதுக் கணக்கு எது தொடங்கினாலும் அப்படித்தான். போனெல்லாம் பழத்தட்டுப் பக்கத்துல குவிச்சு வச்சிருந்தோம், எந்தக் கோடு யார் போனுக்கு வந்ததுன்னு பசங்க குழம்பிட்டாங்க. உங்க ரங்கநாதன் சாரும் இங்கதான் இருக்கார்." குரலைத் தாழ்த்தினார். "ஆயி முகம் சரியில்ல பாவு. சகுனம் கெட்டுப்போச்சு, நல்ல நேரம் முடியறதுக்குள்ள அவங்க பேரு உள்ள வரலன்னா இந்த ஆப்பே வேண்டாம், எப்பவும் போல போன்லயே பெட்டி புக் பண்ணிக்கலாம்னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்னா எங்க வீட்ல மறுபேச்சு இல்ல."

கன்ஃபர்ம்

சைன்-அப்பைத் திறந்தேன். ஆயி மறுபடி எண்ணைப் போட்டார். கோடு போகவில்லை. மறுபடி. போகவில்லை. ஒரு போனில் சாவந்த், இன்னொரு போனில் நித்யா.

"எஸ்எம்எஸ் லிமிட்டு காலியாயிருச்சுங்ண்ணா," என்றாள் நித்யா. "நீங்க எண்டர் தட்டுனப்ப ரொம்பக் கம்மியா வெச்சிருக்குது. கூட்டச் சொல்லிக் கிளவுட் கம்பெனிக்காரங்களக் கேக்கோணும். அவிய பாத்து விடறதுக்கு நாளாகும்."

"நாளா? இங்க ஆயி காத்துக்கிட்டிருக்காங்கம்மா!"

"பதறாதீங்க. கன்சோல்ல, அதுதான் அந்தப் பயனர் பட்டியல்ல, அவங்க பேர எடுங்க. கன்ஃபர்ம்னு ஒரு பட்டன் இருக்குதுங்களா?"

"இருக்கு."

"அத அமுக்குங்க. கோடே வேண்டாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங். தயவுபண்ணி வேற எதையும் அமுக்கீராதீங்க."

அமுக்கினேன். மறுமுனையில் கைதட்டல். வயதான ஒரு பெண்குரல் மராட்டியில் ஏதோ சொல்லிச் சிரித்தது. "ஆயி உள்ள போயிட்டாங்க!" என்றார் சாவந்த். அப்புறம் அவர் வயது வரிசையில் பெயர் படிக்க, நான் ஒவ்வொருவராக அமுக்கி உள்ளே அனுப்பினேன். கடைசியில் போனை வேறு யாரோ வாங்கினார்கள்.

"முத்து," என்றது ரங்கநாதனின் ரகசியக் குரல். "என்னையுமாய்யா டெலீட் பண்ணே?"

"சார், உங்க பேர்ல யாரோ நுழைஞ்சுட்டாங்கன்னு..."

"நுழைஞ்சது நான்தான்யா!"

மறுநாள் ரங்கநாதன், அது ஒரு பாதுகாப்புச் சோதனை என்று சாவந்திடம் சொல்லிப் பார்த்தார். சாவந்த் என் பக்கம் திரும்பி, "உண்மையா பாவு?" என்றார்.

"இல்ல பாவு. பயந்துட்டேன்."

மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க குடும்பம் மொத்தமா வந்தா சம்பந்தி வீட்டுக்காரங்களே பயப்படுவாங்க." மொத்த வியாபாரிகளுக்கான ஆப்பையும் எங்களுக்கே கொடுத்தார். யாரும் பெஞ்சுக்குப் போகவில்லை.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு: லைப்ரரி கேட்கும் கேள்விகளைப் படியுங்கள். சோதனைக் கணக்குகளும் நிஜக் கணக்குகளும் ஒரே இடத்தில் இருக்க வேண்டாம். அழிக்கும் அனுமதியை என்னைப் போன்றவர்களிடம் கொடுக்காதீர்கள். என்னிடமிருந்ததை நித்யா அன்றைக்கே பிடுங்கிவிட்டாள்.

ஹேக்கர் எவனும் வரவில்லை. ஒரு குடும்பம் பூஜை முடித்து, வீட்டு வைஃபையில், பெரியவர்கள் முதலாகக் கணக்குத் தொடங்கியது. அதை நான் அழித்தேன்.