உள்கூட்டு அளவு

ஐப்பசி மழையில் மகளின் அறைச் சுவர் மூலையில் விரிசல் விட்டு உள்பக்கமாக விழுந்தது. அவள் அப்போது அடுக்களையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். கட்டில் முழுக்கச் செங்கல். அன்றிலிருந்து அவளைக் கூடத்தில் என் பக்கத்திலேயே படுக்க வைத்தேன். அறையைத் திரும்பக் கட்ட அவள் அப்பா ஆள் பார்த்தார். கட்டினாலும் சாமான் போடத்தான், அவள் அங்கே படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தை பிறந்தும் வேலை தொடங்கவில்லை.

மகள் பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வீடுகளைத் திரைக்குள் கட்டப் படித்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, நம்ம வீட்டையே கட்டி வச்சிருக்கேன். உள்ள நடந்து பாரு. பெறவும் பயமா இருந்தா நான் கூடத்துலயே கெடக்கேன்."

செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஏசி அறைக்குள் போனோம். அம்புக்குறியை அழுத்தினால் திரையில் நாம் நடக்கிறோம். கூடம் வந்தது, அடுக்களை வந்தது. அவள் அறைக்குள் திரும்பினால், மூலையில் மேலிருந்து கீழ்வரை நீலக் கோடாக வானம் தெரிந்தது. விழுந்த சுவரும் முதலில் அப்படித்தான் வாயைப் பிளந்தது. படித்தவள்தான் நான், படம் என்று தெரியாதா? ஆனாலும் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"அத்தை, அவ வளையல் உடைஞ்சிரும்," என்றாள் பக்கத்து நாற்காலித் தோழி. "இங்கன வீடு இடிஞ்சா ஒருத்தருக்கும் காயம் படாது."

மகள் சிரிக்கவில்லை. "இதே ரோதனைதான். இந்த மூலைய மூடினா அந்த மூலை தொறக்கு. நீ சொன்ன அளவு எங்கேருந்து எடுத்தது?"

"உள்கூடுதான். மனையடி சாஸ்திரத்துக்கு அதத்தானட்டி பாக்கணும்?"

அறையின் நீள அகலத்தைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் வேறு அளவு யார் சொல்வார்கள்? சுவருக்கும் சுவருக்கும் இடையில் உள்ள இடம்தான் அறை. அவள் அப்பாவோ மொட்டை மாடியில் ஏறி, விளிம்புக்கு விளிம்பு நாடா பிடித்துக் கூரையின் அளவைக் கொடுத்திருந்தார். கூரை பெரியதாக, சுவர்கள் நீளம் குறைந்து உள்ளே நின்றன. விளிம்பைத் தொடட்டும் என்று ஒவ்வொரு சுவரையும் இவள் அளக்காமல் கண்ணளவிலேயே வெளிப்பக்கம் இழுத்திருக்கிறாள். நீளம் பழையபடியே இருந்ததால் மூலைகள் திறந்துகொண்டன.

"ரெண்டு பேரும் சேந்து என்னைய இந்தப் பாடு படுத்திட்டீக," என்று சொல்லிவிட்டு, சுவரின் கனத்தையும் கூட்டிப் புது நீளத்தை எண்ணாகவே அடித்தாள். சுவர் நகர்ந்து மூலையில் போய் ஒட்டியது. ஜன்னல் பழைய இடத்திலேயே நின்றது.

"ஏளா, ஜன்னல் அந்தரத்துல நிக்கி!" தோழிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஜன்னலைச் சுவரோடு சேர்த்துக் கட்டினாள். இனி சுவர் போனால் ஜன்னலும் கூடவே போகும். பிறகு என்னை நடக்கச் சொன்னாள். அழுத்தினேன். சுவருக்குள் புகுந்து வெளியே போய்விட்டேன்.

"இரு, இடிச்சா நிக்கணும்னு அதுக்கு இன்னும் சொல்லல."

ஏதோ மாற்றினாள். மறுபடி அழுத்தினேன். சுவர் நிறுத்தியது. நான் விரலை எடுக்கவில்லை. முகத்துக்கு நேரே சுவர் அசையாமல் இருந்தது. திரும்பி மற்ற மூலைகளுக்கும் போய் முட்டிப் பார்த்தேன்.

"கொத்தனார வரச் சொல்லட்டா?" என்றாள் மகள்.

"சொல்லு. ஒனக்குத்தான் அந்த ரூம்பு," என்றேன். "கட்டில மட்டும் நடுவுல போடு."