நூற்றி எண்பத்தேழாம் நாற்காலி

அந்தப் பல்கலைக்கழக மேடையில் அதிகத் தடவை பட்டம் வாங்கியவர் யார் என்று கேட்டால், படித்தவர்கள் யாரையும் தேட வேண்டாம். மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிற அக்காவைக் காட்டினால் போதும். பத்தொன்பது வருடத்தில் மருத்துவம், சட்டம், இசை, கால்நடை என்று அவள் வாங்காத பட்டம் இல்லை. எல்லாம் ஒத்திகையில்தான். பட்டமளிப்புக்கு முந்தின நாள் வராமல் போகிறவர்களுக்குப் பதிலாக, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர்களுடைய எண் அட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் மேடையேறுவாள். வேந்தர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு குமாஸ்தா நின்று வெறுங்கையை நீட்டுவார். இவளும் வெறுங்கையால் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்குவாள். அதனால் ஒத்திகை அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனால் அந்த மண்டபத்தின் விஷயத்தில் அவளுக்கு மேலே ஆள் கிடையாது. மேடையின் மூன்றாம் படி காலை வாரும் என்பதும், மைக் எந்த இடத்தில் கத்தும் என்பதும், எந்த வரிசைக்குக் குளிர்காற்று வராது என்பதும் அவளுக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் கடவுளிடம் பேசிவிட்டுத்தான் பல் துலக்குவாள். பொய் அவள் வாயில் வராது. வந்தால் உடனே முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படிப்பட்டவள் இந்த வருட ஒத்திகையில் ஒரு பொய் சொன்னாள்.

வரிசை எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாற்காலிக்கு ஒரு எண். எண்படி ஆள். ஆள்படி சான்றிதழ் மேடையில் அடுக்கியிருக்கும். ஒரே ஒரு ஆள் சொல்லாமல் வராமல் போனால் தீர்ந்தது. அவருக்குப் பிறகு இருக்கிற அத்தனை பேருக்கும் பக்கத்து ஆளின் சான்றிதழ் போய்விடும். ஒரு வருடம் அப்படித்தான் ஆனது. மாட்டு வைத்தியம் படித்தவர் வீணை வாசிக்கத் தகுதி பெற்று இறங்கினார். சாயந்தரம் வரை வராந்தாவில் நின்று சான்றிதழ் மாற்றிக்கொண்டார்கள். அன்றிலிருந்து வரிசையைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி ஒரு சட்டம் போட்டுவிட்டார். ஒத்திகைக்கு வராதவர்களுக்கு அன்று நாலு மணிக்குள் போன் போட்டு, வருவீர்களா மாட்டீர்களா என்று கேட்க வேண்டும். மாட்டேன் என்றாலோ, போனை எடுக்காவிட்டாலோ பெயரை அடித்துவிடுவார். அடித்தால் அடித்ததுதான். மறுபடி சேர்க்க மாட்டார். அவரை எல்லோரும் வரிசை சார் என்பார்கள்.

இந்த வருடம் நூற்றி எண்பத்தேழாம் எண், அக்காவின் மகள். வேதியியல் பட்டம். ஒத்திகைக்கு வரவில்லை.

"என்னக்கா, உங்க வீட்டு எண்ணுக்கும் நீங்களே நடக்குறீங்க?" என்றார் வரிசை சார், கையில் பட்டியலோடு.

"வேலையில இருக்கா சார்."

"நாளைக்கு வருவால்ல? இவளுக்குமா நான் போன் போடணும்?"

வீட்டில் ஒரு வாரமாக நடக்கிற சண்டை அக்காவின் கண்முன் வந்து போனது. மகள் மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். ஆனால் அக்காவின் வாய், அவளைக் கேட்காமலே, "வருவா சார்" என்றது.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அக்கா சொன்னால் அவருக்குச் சரி. மகளின் அட்டையை வாங்கிக்கொண்டு அக்கா மேடையேறினாள். மூன்றாம் படி அவளுக்கே காலை வாரியது.

வீட்டுக்கு வந்ததும் மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"லீவு கேட்டியா?"

"இல்லம்மா."

"ஏன்டி, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அம்மா, சின்னப் பிள்ளையிலேர்ந்து வருஷா வருஷம் அந்த மண்டபத்துல உன்கூட உக்காந்து பாத்தாச்சு. கறுப்பு அங்கி, கைதட்டல், அந்தப் பெரியவரோட ஒரு மணி நேரப் பேச்சு. எனக்கு மனப்பாடம். பாஸானது பாஸானதுதானே? காகிதம் தபால்ல வரும்."

"தபால்ல வரதுக்கா நான் உன்னைப் படிக்க வச்சேன்?"

"அதான் இன்னைக்கு எனக்காக நீயே நடந்துட்டியே! போதாதா? யாரு நடந்தா என்ன, மேடைக்குத் தெரியவா போகுது?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ரொட்டிக்கடை வேன் ஓட்டுகிற அவள் கணவர் கட்டிலில் சாய்ந்தபடி, "அவ சொல்றதும் சரிதான்" என்றார். அக்கா முறைத்ததும், "நீ சொல்றதும் சரிதான்" என்றார். இருபத்தைந்து வருடமாக அந்த வீட்டில் அவர் சொல்லி வரும் தீர்ப்பு அது.

"நாளைக்கு ஆஸ்பத்திரித் தண்ணிம்மா" என்றாள் மகள், கொஞ்சம் இறங்கிய குரலில். அவள் வேலை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். "இன்னைக்குக் காலையில சின்னத் தட்டுல ஊத்தி வச்சிருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு எடுத்து, கிருமி வளந்திருக்கான்னு பாக்கணும். எங்க மேலதிகாரிக்கு இடுப்புப் பிடிப்பு, அசைய முடியாம படுத்திருக்காரு. என்னை விட்டா ஆள் இல்லை. குழந்தை பெத்தவங்களும் ஆப்பரேசன் பண்ணினவங்களும் குடிக்கிற தண்ணி. நான் அங்கி மாட்டிக்கிட்டு போட்டோவுக்கு நிக்கவா?"

சோம்பேறித்தனம் என்றால் திட்டலாம். திமிர் என்றால் இரண்டு போடலாம். நியாயத்தை வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளையை என்ன செய்வது? அக்காவுக்கு எரிச்சல் இரட்டிப்பானது.

"நான் வரிசை சார்கிட்ட நீ வருவேன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "பொய்யா? நீயா?"

"ஆமா, நான்தான். பெத்த பாவம்."

"காலையில போய் அடிக்கச் சொல்லிடும்மா. இல்லாட்டி எனக்குப் பின்னாடி இருக்கறவங்க எல்லாம் வீணை வாசிக்கப் போயிடுவாங்க."

மறுநாள் விடியுமுன்னே அக்கா மண்டபத்தில் இருந்தாள். அன்றைக்குக் கடவுளிடம் பேச்சு சரியாக ஓடவில்லை. தப்புச் செய்துவிட்டு எந்த முகத்தோடு பேசுவது? மகளுக்காகக் கையெழுத்துப் போட்டு வாங்கி, தேய்த்து வைத்திருந்த அங்கி துடைப்ப அறையில் ஆணியில் தொங்கியது.

சாரைக் கண்டதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள்.

"சார், ஒரு விஷயம்..."

"அக்கா, மேடைக்கு நாலு தண்ணி பாட்டில்!"

தண்ணீர் வைத்துவிட்டு வந்தாள். "சார், அந்த நூத்தி..."

"அக்கா, குண்டூசி! ஒருத்தருக்கு அங்கி கழண்டு விழுது!"

குண்டூசி கொண்டுபோனால், வாசலில் போய் நில்லுங்கள் என்று துரத்தினார். வாசலில் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் மூச்சு வாங்க நின்றிருந்தார்கள். நேற்று ஊரில் பேருந்தில் போகும்போது போன் மணி கேட்கவில்லையாம். பெயரை அடித்துவிட்டார்களாம்.

"நீங்க கொஞ்சம் சொல்லுங்கம்மா" என்று அந்த அப்பா கையைப் பிசைந்தார். "விடியக்காலைல கிளம்பி வந்தோம்."

"அடிச்சது அடிச்சதுதான் அண்ணே. ஒருத்தரைச் சேத்தா வரிசை கெட்டுரும். எல்லாருக்கும் ஒரே சட்டம்."

சொல்லும்போதே நாக்கு கசந்தது. அந்தப் பெண் அழவில்லை. அங்கியோடு வெளி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவள் அப்பா.

அக்காவும் வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளிப்போட்டாள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வாசலை எட்டிப் பார்த்தாள். ஊர்வலம் உள்ளே வந்தது. கதவைச் சாத்தினார்கள். பெரியவர் பேச்சைத் தொடங்கினார். நூற்றி எண்பத்தேழாம் நாற்காலி, பல்லு போன வாய் மாதிரி வரிசை நடுவில் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் இருநூறுக்கு மேல் பிள்ளைகள். வெளியில் பெஞ்சில் ஒரு பெண்.

இதற்கு மேல் தாங்காது என்று மேடையோரம் போய்ச் சாரின் சட்டைக் கையைப் பிடித்தாள். "சார், நூத்தி எம்பத்தேழை அடிச்சிருங்க. வரமாட்டா. நேத்து நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கினார். "இப்பவா சொல்றீங்க?"

"ஆமா சார்."

"நீங்களாக்கா?" அவர் திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. இடுப்பை மடக்கி, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து, பேசிக்கொண்டிருந்த பெரியவரின் முதுகுக்குப் பின்னால் போய் அடுக்கிலிருந்து ஒரு சான்றிதழை உருவினார். பெயர் வாசிக்கிறவரின் காகிதத்தில் ஒரு கோடு போட்டார். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பி வந்தபோது அவருடைய காதெல்லாம் சிவந்திருந்தது.

பெயர் வாசிப்பு தொடங்கியது. நூறு தாண்டியது. நூற்றி இருபது தாண்டியது. அப்போது பின்பக்கக் கதவு திறந்தது.

மகள். வெள்ளைக் கோட்டோடு, தலை கலைந்து, ஓடி வந்த வேகத்தில் பேச முடியாமல் நின்றாள். பின்னால் வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு அவள் அப்பா.

"தண்ணி சுத்தமா இருக்கும்மா" என்றாள் மகள் மூச்சுக்கு நடுவில். "பாத்து, எழுதி, ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டு வெளிய வந்தா வாசல்ல அப்பா நிக்கறாரு. நீ பொய்க்காரி ஆயிடக் கூடாதேன்னுதான் ஓடி வந்தேன். அங்கி எங்க?"

அக்கா துடைப்ப அறையைக் காட்டக் கையைத் தூக்கி, இறக்கினாள். "அடிச்சாச்சுடி."

"என்ன?"

"உன் பேரை அடிச்சாச்சு. நான்தான் போய்ச் சொன்னேன். இப்பத்தான்."

"நூத்தி முப்பதுதானே ஓடுது! இன்னும் நேரம் இருக்கே!"

"நேரம் இருக்கு. பேரு இல்லை." கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, கூட்டிட்டு வரேன்னு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"நீதான் வேலை நேரத்துல போனைத் தொட மாட்டியே" என்றார் அவர். அதுவும் உண்மைதான். எல்லாரும் உண்மை பேசுகிற குடும்பத்தில் மாட்டிக்கொண்டோமே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகள் அதற்குள் துடைப்ப அறைக்குப் போய் அங்கியை மாட்டிக்கொண்டு வரிசை சாரின் முன்னால் நின்றாள். ஒரு வாரமாக மாட்டேன், சலிப்பு என்று சொன்ன பிள்ளை. இப்போது வக்கீல் மாதிரி வாதாடினாள். சார் அவளைப் பார்த்தார். அவள் ஐந்து வயதில் அந்த மண்டபத்து நாற்காலிக்கு அடியில் ஊர்ந்ததைக் கண்டவர்தான். உருவின சான்றிதழ் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. சட்டம் போட்ட மனுஷர் ஒரு நிமிடம் இளகினார்.

"கடைசி ஆளுக்கு அப்புறம் வேணா... சத்தமில்லாம..." என்று அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

சரி என்று ஒரு தலையசைப்பு போதும். பத்தொன்பது வருடம் யார் யாருக்கோ பதிலாக ஏறிய மேடையில் தன் பிள்ளை ஏறுவதைப் பார்த்துவிடலாம்.

"வெளிய பெஞ்சுல ஒரு பொண்ணு உக்காந்திருக்கா சார்" என்றாள் அக்கா. "நான்தான் காலையில விரட்டினேன். அவளையும் கூப்பிடுவீங்களா?"

"அவ சான்றிதழ் நேத்தே ஆபீசுக்குப் போயாச்சு. அங்க இன்னைக்குப் பூட்டு."

"அப்ப இவளையும் விட வேண்டாம்."

"அம்மா!"

"கத்தாத. உள்ள பேரு வாசிக்கறாங்க."

நூற்றி எண்பத்தாறு இறங்கினான். நூற்றி எண்பத்தெட்டு ஏறினாள். மூவரும் கதவோரம் நின்று பார்த்தார்கள். யாருக்கும் சான்றிதழ் மாறிப் போகவில்லை. மகள் கைதட்டவில்லை. அக்கா அந்த எண்பத்தெட்டுக்கும் தட்டினாள், எண்பத்தொன்பதுக்கும் தட்டினாள். கண்ணில் நீர் நின்றதால் அவர்கள் முகம் ஒன்றும் தெரியவில்லை.

எல்லாம் முடிந்து வெளியே வந்தால், கணவர் வேனின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே இவ்வளவு பெரிய கேக். கடையில் சொல்லி வாழ்த்தெல்லாம் எழுதி வாங்கியிருந்தார்.

"மேடையேறாத பொண்ணுக்குக் கேக்கு ஒரு கேடா?" என்றாள் அக்கா.

"பாஸானது பாஸானதுதானே?" என்றார் அவர். "நீ சொல்றதும் சரிதான்."

அக்கா பெஞ்சுக்குப் போய் அந்தப் பெண்ணையும் அவள் அப்பாவையும் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அங்கி போட்ட இரண்டு பெண்களும் வேனின் விளிம்பில் உட்கார்ந்து, வாய் நிறையக் கேக்கோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்களையும் அடிச்சிட்டாங்களா?"

"ம். எங்கம்மாவே போய் அடிக்க வச்சாங்க."

"இவங்களா உங்கம்மா? காலையில என்னை உள்ளேயே விடலை!"

"உங்களையாச்சும் வாசல்ல நிறுத்தினாங்க. நான் உள்ள வந்து, அங்கியும் போட்டு, சார் சரின்ன பிறகு நிறுத்தினாங்க."

"அடப்பாவமே! வீட்லயும் இப்படித்தானா?"

"வீட்ல இன்னும் மோசம்."

வரிசை சார் தயங்கித் தயங்கி வந்தார். முகத்தில் இன்னும் கோபம் மிச்சம் இருந்தது. கொடுத்த கேக்கை வாங்கிக்கொண்டார். அடிபட்டவர்கள் அடுத்த வருடம் ஏறலாம், ஒத்திகைக்கு நேரில் வர வேண்டும் என்று சொல்லி இரண்டு பெண்களின் பெயரையும் எழுதிக்கொண்டார்.

"அடுத்த வருஷமாவது..." என்று அக்கா பக்கம் திரும்பினார்.

"அவகிட்டயே கேளுங்க சார். இனிமே அவளுக்காக நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

மகள் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே போனை எடுத்து, இடுப்புப் பிடிப்போடு படுத்திருந்த மேலதிகாரியைக் கூப்பிட்டாள். "சார், எனக்கு ஒரு நாள் லீவு வேணும். இல்ல சார், நாளைக்கு இல்ல. அடுத்த வருஷம்." அந்தப் பக்கம் அவர் என்ன கேட்டாரோ தெரியவில்லை. "உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். எந்தக் கிழமைன்னா... இருங்க, கேட்டுச் சொல்றேன். ஆஸ்பத்திரித் தண்ணி நாளா இருந்துச்சுன்னா..."

"கடவுளே!" என்றாள் அக்கா. அதற்கு மேல் கேட்க அவள் நிற்கவில்லை. உள்ளே எண்ணூறு நாற்காலி மடக்க வேண்டியிருந்தது.