பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு

தாணுலிங்கம் அண்ணாச்சி இறந்த செய்தி எனக்கு வந்தது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. தக்கலையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கே வந்தது. மறுநாள் முகூர்த்தத்துக்காக மைக் செட் கட்டி, என் போனை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, நாகஸ்வர இசை ஒன்றைப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து நம் வாசிப்பு வட்டப் பத்திரிகையின் ஆசிரியர் பால்ராஜ் சார் கூப்பிட்டார். இணைப்பைத் துண்டிக்காமல் போனை எடுத்துவிட்டேன். "நம்ம தாணு அண்ணாச்சி காலையில போயிட்டாருவே" என்று அவர் சொன்னது மண்டபத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் கேட்டது. சமையல்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெண்ணின் தாய்மாமன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அண்ணாச்சி இதைக் கேட்டிருந்தால், செய்தி தெளிவாக இருந்தது, எதிரொலிதான் சற்று அதிகம் என்று எழுதியிருப்பார்.

அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் வாசிப்பு வட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிளஸ் டூவை இரண்டாம் முறையில் தாண்டியவன் நான். வீட்டில் என் மனைவி மளிகைச் சாமான் எழுதக்கூட என்னை நம்புவதில்லை. ஆனால் அண்ணாச்சி எழுதியதில் பாதி என் மைக் செட் வண்டியிலிருந்து கிளம்பிய சத்தத்தைப் பற்றியது. அதனால் நீரும் எழுதும் என்று பால்ராஜ் சார் சொல்லிவிட்டார்.

நான் முதலில் பார்த்தபோது சுசீந்திரத்துக்காரரான அண்ணாச்சி தக்கலை மின்வாரிய அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். எங்கள் கோயில் திருவிழாவுக்குத் தற்காலிக மின் இணைப்பு கேட்டு நான் மனு கொண்டுபோனேன். எத்தனை விளக்கு, எத்தனை நாள் என்று கேட்பார் என்று நினைத்தால், என்னென்ன பாட்டு போடுவீர் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, கொடியேற்று அன்றைக்கே இதையெல்லாம் போட்டுத் தீர்த்துவிட்டால் மிச்ச நாளுக்கு என்ன செய்வீர் என்று கவலைப்பட்டார். மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இணைப்பு கிடைத்தது.

ஓய்வு பெற்ற பிறகு நம் பத்திரிகையில் 'எட்ட நின்று கேட்டவை' என்ற தலைப்பில் அவர் எழுதிவந்தது உங்களுக்குத் தெரியும். கர்நாடக இசையைப் பற்றி எழுத வேண்டியவர் ஏன் சினிமாப் பாட்டையும் கட்சிப் பாட்டையும் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று நம் கூட்டத்திலேயே முணுமுணுப்பு இருந்தது. அவர் காதுக்குச் சபா, சந்தை என்ற பேதம் கிடையாது. ஆனால் ஒரு விதி வைத்திருந்தார். தேர்தல் பாட்டை வண்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்க மாட்டார். "கேக்கணும்னு ஆசைப்படாதவன் எங்க நிக்கானோ, அங்க போய் நின்னு கேக்கணும், மக்கா. அவனுக்காகத்தானே பாட்டு" என்பார். அதனால் பிரச்சார காலங்களில் அவரை முடிவெட்டும் கடையிலும், மீன் சந்தையின் வெளிவாசலிலும், ரேஷன் கடை வரிசையிலும் பார்க்கலாம். ரேஷன் கடை வரிசையில் ஒரு தடவை அரிசியும் வாங்கிவிட்டார். வீட்டில் அது பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது.

பழைய பாட்டுப் பைத்தியங்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. நான் அந்தக் கட்சி. ஒரு மாதக் கூட்டத்தில், அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா என்று நான் எழுந்து உருகியதும் அவர் மெல்லச் சிரித்தார். பழசில் மோசமானதெல்லாம் செத்துப்போய்விட்டது, பிழைத்துக் கிடப்பதை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் காலமே பொன் என்று சொல்கிறீர், இன்றைக்கு வருவதில் பிழைக்கப்போவது எது என்று உமக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகும் என் வண்டியில் பழைய பாட்டுதான் ஓடுகிறது. உட்கார்ந்தேனே தவிர, திருந்தவில்லை.

நடிகர்கள் கட்சி தொடங்குவதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பலருக்கு நினைவிருக்கும். கதாநாயகனின் அறிமுகப் பாட்டில் முதலில் தூசி வரும், பிறகு செருப்பு வரும், கடைசியில்தான் முகம் வரும். வேட்பாளர் ஊருக்குள் வருவதும் அதே வரிசையில்தான், ஆக யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று இனி விசாரித்துப் பயனில்லை என்று முடித்திருந்தார். இன்னொன்று, கோஷங்களைப் பற்றியது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஊர்வலத்தில் போடுகிற கோஷத்துக்குக் காலடித் தாளம் இருக்கிறது, அது நடப்பதற்கானது. நம் பக்கத்துக் கோஷம் நின்று அண்ணாந்து பார்ப்பதற்கானது என்று எழுதினார். இரண்டு கட்சிக்காரர்கள் பால்ராஜ் சாரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டார்கள். ஒரே கட்டுரைக்காக எதிரெதிர்க் கட்சிகள் ஒரே நாளில் கூப்பிட்டதில் சாருக்கு உள்ளூரப் பெருமை.

இனி என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் நான் இந்தக் கட்டுரையை எழுதினால் அவளே வாசித்துவிட்டுச் சிரிப்பாள்.

ஜெனிஷா எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவள். பி.காம். முடித்துவிட்டு ஒரு ஜவுளிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். சில வருடங்களுக்கு முன் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வேட்பாளரின் பிரச்சார வண்டி வேலையை நான் எடுத்திருந்தேன். நாகர்கோவில் ஸ்டுடியோவில் பாட வேண்டிய பெண் வராமல் போக, கூட வந்திருந்த ஜெனிஷா பாடினாள். அது நன்றாக அமைந்துவிட்டது. இனியும் கூப்பிடுவோம் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார். கடையை விட்டுவிட்டுப் பாட்டுக்கே போய்விடலாமா என்று அவள் கேட்டபோது, பார்ப்போம் மக்ளே என்றேன். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். தெருத்தெருவாக என் மகளின் குரலை ஓட்டிக்கொண்டு போனதில், திரும்ப வேண்டிய முக்கில் திரும்பாமல் ஒரே தெருவுக்கு இரண்டு முறை வாக்குக் கேட்டதும் உண்டு.

அண்ணாச்சி அந்தப் பாட்டை எங்கே நின்று கேட்டார் என்று எனக்குத் தெரியாது. பாடியவள் என் மகள் என்பது அவருக்கும் தெரியாது. நம் பத்திரிகையில் இப்படி எழுதினார்: "பாடிய பெண்ணுக்கு நல்ல குரல். ஆனால் வேட்பாளரின் பெயர் வரும் இடத்தில் எல்லாம், குளிர்ந்த தண்ணீரில் இறங்கப்போகிறவரைப் போல முன்னாலேயே ஒரு மூச்சு எடுத்துக்கொள்கிறார். இவருக்கு இந்த வேட்பாளர் மீது நம்பிக்கை இல்லை என்று தோன்றுகிறது. ஊரில் ஒருவராவது அப்படி இருப்பது ஆறுதல்."

நம் பத்திரிகையை யாரும் படிப்பதில்லை என்று நாம் அடிக்கடி குறைப்பட்டுக்கொள்வோம். இந்த நான்கு வரியை எல்லோரும் படித்தார்கள். எதிர்த்தரப்பு அதைப் படமெடுத்து, 'பாடினவளுக்கே நம்பிக்கை இல்லை' என்று மேலே எழுதி ஊர் முழுக்க வாட்ஸப்பில் அனுப்பியது. வேட்பாளரின் ஆட்கள் வந்து என் வண்டியிலிருந்து பேனரை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். ஸ்டுடியோக்காரர் போனை எடுக்கவில்லை. ஜெனிஷா யாரிடமும் எதுவும் பேசாமல் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே சுசீந்திரத்துக்குச் சண்டைக்குக் கிளம்பினேன். நானும் வருவேன் என்று அவளும் பைக்கில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் மனதுக்குள் வசனம் தயாரித்தேன். அண்ணாச்சி வாசலிலேயே எங்களைப் பார்த்துவிட்டார். நான் வாயைத் திறக்குமுன் இவள் முந்திக்கொண்டாள்.

"மாமா, அந்தப் பாட்டுல நான் எங்க மூச்சு எடுத்தேன்?"

அவர் முகம் மாறியது. பாடியது யார் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. என்னைப் பார்த்தார். நான் என் வசனத்தைத் தொடங்கவிருந்தேன். அதற்குள் அவர் போனை எடுத்துப் பாட்டைப் போட்டு, இங்கே, இங்கே, பிறகு இங்கே என்று விரலால் காட்ட ஆரம்பித்தார்.

"ஆமா. அந்த ஆளை எனக்குப் பிடிக்காதுதான்" என்றாள் இவள். "அப்போ எங்க எடுக்கணும்?"

கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் அண்ணாச்சியால் சும்மா இருக்க முடியாது என்பது அவரை அறிந்த எல்லோருக்கும் தெரியும். "பேரைத் தாண்டிப் போயி எடு, மக்ளே. நம்புகவன் பேரைச் சொல்லும்போது மூச்சைப் பத்தி நினைக்க மாட்டான். அடுத்த வரியில பாதியில திணறுவான். திணறட்டும்" என்றார். இவள் பாடிக் காட்டினாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். மறுபடியும் பாடினாள். அண்ணாச்சி வீட்டு அக்கா எனக்கு ஏத்தங்காய் வறுத்த உப்பேரியும் சாயாவும் கொண்டுவந்து வைத்தார்கள். சண்டைக்கு வந்த வீட்டில் உப்பேரி தின்னலாமா என்று யோசித்துக்கொண்டே தின்று முடித்தேன். கிளம்பும்போது இன்னும் கொஞ்சம் பொதிந்தும் கொடுத்தார்கள்.

அதே வாரம் எதிர்த்தரப்பு வேட்பாளர் எங்களைத் தேடி வந்தார். தன் எதிரியை நம்பாதவள் தன்னை நம்புகிறவளாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அவரையும் எனக்குப் பிடிக்காது என்று ஜெனிஷா என்னிடம் தனியாகச் சொன்னாள். ஆனாலும் போய்ப் பாடினாள். நானும் வண்டியைக் கட்டினேன். ஒழுகினசேரிப் பக்கம் ஒரு பஸ் நிறுத்தத்தில் அண்ணாச்சி நிற்பதைப் பார்த்து ஹாரன் அடித்தேன். அவர் திரும்பவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது, போயும்விட்டது.

அடுத்த இதழில் எழுதினார்: "இம்முறை பாடியவர் மனதார நம்புகிறார். அந்த வேட்பாளருக்கு வாக்களிப்பதில்லை என்று முடிவு செய்திருந்த நானே அரை நிமிடம் நம்பிவிட்டேன்." தேர்தல் பாட்டைப் பற்றி அவர் எழுதிய கடைசி வரி அதுதான். பிறகு பால்ராஜ் சார் எத்தனையோ முறை கேட்டும் எழுதவில்லை. டிவி பாட்டுப் போட்டிகளைப் பற்றி எழுதினார். தலைவர்களின் பிறந்தநாளுக்கு நாம் வைக்கிற ஸ்டேட்டஸ் பாட்டுகளைப் பற்றி எழுதினார். தேர்தல் பாட்டைத் தொடவில்லை. காரணத்தை என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார். "நான் பாட்டு சொல்லிக் குடுக்கல, மக்கா. கள்ளச் சாவிக்கு அரம் குடுத்தேன்."

அந்தத் தேர்தலில் இரண்டு பேரும் தோற்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெயித்த மூன்றாமவருக்குப் பாட்டே கிடையாது. ஒரு கல்யாண வீடு, ஒரு சாவு வீடு விடாமல் போகிறவர்.

ஜெனிஷா இப்போது சென்னையில் இருக்கிறாள். எண்ணெய்க்குப் பாடுகிறாள், நகைக் கடைக்குப் பாடுகிறாள், எல்லாக் கட்சிகளுக்கும் பாடுகிறாள். பாடுகிற ஒவ்வொன்றையும் அண்ணாச்சிக்கு அனுப்பிவைப்பாள். அவர் 'கேட்டேன்' என்று மட்டும் பதில் போடுவார். ஒவ்வொரு முறையும் அது ஒன்றுதான். ஊரெல்லாம் புகழ்ந்தாலும் இவளுக்கு வேண்டியிருந்தது அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை. வேறு என்ன சொன்னார் என்று வாரம் தவறாமல் என்னைக் கேட்பாள். போன மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டத்துக்குப் போனபோது நானே கேட்டுவிட்டேன். ஒரு தடவையாவது நல்லா இருக்கு என்று சொன்னால் என்ன அண்ணாச்சி, பிள்ளை ஏங்குகிறாள் என்றேன்.

தேர் எங்களைக் கடந்து போகும்வரை நின்றார். "எதைப் பாடினாலும் நல்லாத்தான் இருக்கு. அதுதான் எனக்குப் பயம். இத்தனை பாட்டு கேட்டாச்சு, அவளுக்கு எது பிடிக்கும்னு எனக்கு இன்னும் தெரியல" என்றார். இதை நான் ஜெனிஷாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல?

மண்டபத்தில் செய்தி வந்த அன்று, வெளியே வந்து அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். கடைசியாக என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். எதைப் பாடினாலும் நல்லாத்தான் இருக்கு என்று சொன்னார் மக்ளே என்றேன். பொய் இல்லையே.

"அப்பா, சொல்லுகதுக்கு முன்னால மூச்சு எடுத்தீங்க" என்றாள். "மிச்சத்தையும் சொல்லுங்க."

சொன்னேன். பயம் என்றா சொன்னார் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சரிப்பா என்று போனை வைத்தாள்.

சென்ற ஞாயிறு வாசிப்பு வட்டம் நடத்திய அஞ்சலிக் கூட்டத்துக்கு அவள் வந்திருந்தாள். மைக் செட் நான்தான். இம்முறை போனை இணைக்கவில்லை. அண்ணாச்சி நினைவாக ஒரு பாட்டு பாடும்மா என்று பால்ராஜ் சார் மைக்கை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. எதைப் பாட வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை சார், தெரிந்ததும் வந்து பாடுகிறேன் என்றாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. மறுநாள் சென்னைக்கு ரயில் ஏறும்போது, இந்த மாதம் வந்த கட்சிப் பாட்டு இரண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். வீட்டு வாடகைக்கு என்ன செய்வாய் என்று நான் கேட்டேன். தகப்பன் வேறு என்ன கேட்பான்? நகைக் கடை இருக்கிறதே அப்பா என்றாள்.

அண்ணாச்சியின் புத்தகங்கள் நூலகத்துக்குப் போகின்றன. கட்டுரைகளைத் தொகுக்கப் பால்ராஜ் சார் முயல்கிறார். எனக்கு அவரிடமிருந்து வந்து சேர்ந்தது ஒன்றுதான். என் மகளிடம் இனி நான் ஒரு பொய்யையும் நிம்மதியாகச் சொல்ல முடியாது. அப்பா நல்லா இருக்கீங்களா என்று அவள் கேட்டால், நன்றாக இருந்தால் மட்டுமே நன்றாக இருக்கிறேன் என்கிறேன்.