ஃப்ரீசருக்குப் பூ வைத்தவள்

ஆராய்ச்சிக்கூடத்தில் குப்பி கழுவுகிற வேலையில் உடம்புக்கு அவ்வளவு கஷ்டமில்லை. எதற்காகக் கழுவுகிறோம் என்று தெரிந்துகொண்டால்தான் கஷ்டம். நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு பஸ் ஏறுகிறவராக இருந்தால் உங்களுக்கு நான் சொல்வது புரியும். என் கணவருக்கு இதயம் பலவீனம். வெளிநாட்டில் நாங்கள் குடியிருக்கும் மாசி என்ற புறநகரில், வீட்டு வாசலிலிருந்து கேட்டருகே இருக்கும் தபால் பெட்டிவரை போய் வருவதற்குள் இரண்டு முறை நிற்பார்.

ஓயாத வேலைக்காரன்

நான் பத்தாவதுவரைதான் படித்தேன். கூடத்தில் வளர்க்கிற எலிகளின் இதயத்தில் என்ன பார்க்கிறார்கள் என்று ஒருநாள் கவிதாவிடம் கேட்டேன். கோயம்புத்தூர்ப் பெண், எங்கள் கூடத்தில் ஆராய்ச்சி செய்பவள். இதயத்தின் செல்லுக்குள் ஒரு என்சைம் இருக்கிறதாம். ‘வேகமாகத் துடி’ என்று சேதி சொல்லிவிட்டு அது ஓய்ந்துவிட வேண்டும். வயதான இதயத்திலும் நோய்ப்பட்ட இதயத்திலும் அது ஓய்வதில்லையாம். விரட்டி விரட்டியே களைக்க வைத்துவிடுமாம். அதை அடக்க மருந்து தேடுகிறார்கள்.

“எங்க வீட்டுக்காரருக்கும் அதுதானாம்மா?” என்றேன். கவிதா கையுறையைக் கழற்றினாள். “இருக்கலாம் ஆன்ட்டி. ஆனா நான் எலிக்குத்தான் டாக்டர். அங்கிளைக் கூட்டிட்டு வந்துடாதீங்க.”

எலி ஓடியது

மருந்து கொடுத்த கிழட்டு எலி ஒன்று ட்ரெட்மில் மாதிரியான ஓடுபட்டையில் நிற்காமல் ஓடுவதை கவிதா வீடியோவில் காட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து ஊரான வெஸ்ட்கேட்டில் இருக்கும் மகனுக்கு உடனே போன் செய்து, அப்பாவுக்கு அந்த மருந்து எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். அவன் மெதுவாகச் சொன்னான். “அம்மா, அது லேப். ஃபார்மசி இல்ல.”

ஆயுத பூஜை

ஆயுத பூஜை வந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தேன். கிழட்டு எலிகளின் இதயங்களை உறைய வைத்திருக்கும் பெரிய ஃப்ரீசருக்கு மட்டும் ஒரு முழம் பூ. என் கணவரின் உயிரே அதற்குள் இருப்பதாக எனக்கு எண்ணம். கதவைத் திறந்து கைப்பிடியில் பூவைச் சுற்றி, கதவைச் சாத்தி, கும்பிட்டுவிட்டு வந்தேன்.

சரத்தின் நுனி கதவிடுக்கில் மாட்டியிருக்கிறது. கதவு சரியாகப் படியவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அபாய மணி ஆளில்லாத அறையில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. திங்களன்று எல்லாம் உருகிக் கிடந்தது. உருகினால் அந்த என்சைம் கெட்டுப்போகுமாம்; எதையும் அளக்க முடியாதாம்.

நான்தான் பூ வைத்தேன் என்று நானே போய்ச் சொன்னேன். கவிதா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாடிய பூவைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி எடுத்தால் என்ன, இன்னும் எலி இருக்கிறதே என்றேன். “இருக்கு ஆன்ட்டி, எல்லாம் குட்டிங்க. அதுங்களுக்கு வயசாக ரெண்டு வருஷம் ஆகும். அதை மட்டும் யாராலும் அவசரப்படுத்த முடியாது.”

நர்ஸ் வந்தாள்

அதே வாரம், இதய நோயாளிகளை வீடு தேடி வந்து பார்க்கும் நர்ஸ் வந்தாள். என் கணவரின் வீங்கிய காலில் விரலை அழுத்தினாள். குழி அப்படியே நின்றது. இனி மருந்தைக் கூட்ட வழியில்லை, மூச்சுக்குச் சிரமமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். கிறிஸ்துமஸ்வரை இருப்பாரா என்று நான் கேட்டதற்கு, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு, பூ வைத்த கதையை அவரிடம் சொல்லி அழுதேன். மருந்து வந்திருந்தாலும் இவருக்குக் காலத்தில் எட்டியிருக்காது என்று கவிதா பின்னால் சொன்னாள்தான். மனசு கேட்கவில்லை. அவர் தலையணையில் சாய்ந்தபடியே, மூச்சை விட்டு விட்டுச் சொன்னார். “ரெண்டு வருஷமா? சரி விடு. அந்தக் குட்டிங்க முந்துதா, நான் முந்துறேனா, பாப்போம்.”

இப்போதெல்லாம் சாமி முன்னால் நின்று, இவருக்கு ஆயுளைக் கொடு, எலிகளுக்குச் சீக்கிரம் கிழத்தனத்தைக் கொடு என்று ஒரே மூச்சில் வேண்டிக்கொள்கிறேன். எதை யாருக்குக் கொடுப்பது என்று சாமியே திணறிக்கொண்டிருக்கும்.