இடுப்பளவு வெள்ளம்... யார் இடுப்பு?

“...ஆழம் தெரியாம கால வுடாதன்னு சொல்வாங்க சார். நாங்க வூட்டையே வுட்டுட்டோம்” என்று இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் கன்னியம்மா.

போன ஞாயிற்றுக்கிழமை. எதிர்வீட்டுக்காரன் என்கிற ஒரே தகுதியில் நானும் அங்கே நின்றிருந்தேன். வேடிக்கை பார்க்க வேறென்ன தகுதி வேண்டும்?

கன்னியம்மாவும் கணவன் முனிரத்னமும் ஆந்திராவின் கர்நாடக எல்லையில் இருக்கிற குப்பம் பக்கத்துச் சாந்திபுரத்துக்காரர்கள். இருவருக்கும் ஆந்திராவின் இந்தக் கோடியில், ஸ்ரீ சிட்டியில் கம்பெனி வேலை. அவர்கள் வம்சத்தில் யாருக்கும் ஒரு கைப்பிடி மண் சொந்தமாக இருந்ததில்லை. ஏரியும் கடலும் எட்டிப் பார்க்கிற எங்கள் லேஅவுட்டில் மனை வாங்கி, அஸ்திவாரம் முடித்து, இப்போதுதான் சுவர் எழும்புகிறது. “கம்பெனி மெஷினுக்கே இன்சூரன்ஸ் கீது, வூட்டுக்கு வாணாவா?” என்று ஏஜென்ட்டை வரவழைத்ததும் அவள்தான்.

அவர் செல்போனில் வெள்ள அபாய மேப்பை விரித்தார். லேஅவுட் முழுக்க நீலம். நடுவில் மூன்று கருநீலப் பொட்டு.

“நீலம் நல்ல கலருதானே சார்?” என்றான் முனிரத்னம்.

“பெயின்ட்டுக்கு நல்ல கலர். மேப்ல இருந்தா தண்ணி நிக்கும். இந்த எடத்துக்குப் பேரே ‘மூடு குண்ட்டலு’தானே... மூணு குட்டை. தெரியாதா?”

அப்போது வந்ததுதான் மேலே சொன்ன வசனம்.

நடந்தது இதுதான். மனை பார்க்க வந்த அன்று, ‘இது இன்னா எடம்?’ என்று தெருமுனை டீக்கடை சுப்பையாவைக் கேட்டிருக்கிறான் முனிரத்னம். அவர் தெலுங்கில் ‘மூடு குண்ட்டலு’ என்றிருக்கிறார். இந்தப் பக்கம் குண்ட்ட என்றால் குட்டை. சாந்திபுரத்திலோ, கர்நாடகா காற்று அடிக்கிற ஊராயிற்றே, குண்ட்டா என்றால் நில அளவு! அவர் குட்டையைச் சொல்ல, இவன் ‘மூணு குண்ட்டா மனை’ என்று அளவாக எடுத்துக்கொண்டான். நம்மூர்க் கணக்கு இங்கேயும் ஓடுகிறதே என்று பூரிப்பு வேறு.

“தெலுங்குல சண்ட மட்டும் நல்லா போடற. இது தெரியல?” என்றாள் கன்னியம்மா.

“நீயும்தான கூட நின்னுக்கினு இருந்த?”

ஏஜென்ட் அடுத்த கேள்விக்குப் போனார். “இங்க எப்பவாவது வெள்ளம் வந்திருக்கா?”

“ஒரு சொட்டு கூட...” என்று ஆரம்பித்தான் முனிரத்னம்.

“சும்மா கீறியா? பொய் சொல்லிப் போட்ட பாலிசி, வூட்டுக்கு முன்னாடி அது முழுவிப் பூடும்.” என் பக்கம் திரும்பினாள். “அண்ணா, நீங்க சொல்லுங்க.”

வேடிக்கை பார்க்க வந்தவன் சாட்சியாகிவிட்டேன். “எனக்கு முந்தின கதைம்மா. ஒரு பெருமழையில இடுப்பளவு நின்னதா சுப்பையா சொல்வார்.”

ஏஜென்ட் முகம் மலர்ந்தது. உண்மையைச் சொல்கிற வாடிக்கையாளர் அவருக்கு அபூர்வம் போலிருக்கிறது. “அந்த மட்டத்துக்கு மேல தளத்தைத் தூக்குங்க. பாலிசிக்கு நான் எழுதறேன்.”

“போர்ட்டிகோவுக்கு ரெண்டு சிங்கம் சொல்லி வெச்சிக்கீறேனே” என்றான் முனிரத்னம் பரிதாபமாக.

“மொதல்ல தளம். சிங்கம் நீச்சல் கத்துக்கினு அப்பறமா வரட்டும்.”

வெள்ளம் வருமுன் அணை போடு என்றார்கள் பெரியவர்கள். அணை நம் கையிலா இருக்கிறது? ஆனால் பேருக்கு அர்த்தம் கேட்கலாமே! பிழைக்கப் போகிற ஊரில் மனை விலை கேட்கிறோம், பஸ் வசதி கேட்கிறோம், வாஸ்து கேட்கிறோம். ஊர்க்காரன் அந்த மண்ணை என்னவென்று கூப்பிடுகிறான் என்று கேட்கிறோமா? மேப் நேற்று வந்தது. பேர்... அது எந்தக் காலத்து மேப்போ!

கன்னியம்மா திடீரென்று கேட்டாள். “இடுப்புன்னா... யாரு இடுப்புண்ணா?”

அளவில் ஒருமுறை சூடு கண்டவள் அல்லவா?

“என் இடுப்ப வெச்சிக்கோயேன்” என்றான் முனிரத்னம். அவன் அவள் தோள் உயரம்தான். செலவு குறையும் என்று கணக்கு.

அவள் விடுவிடுவென்று தெருமுனைக்குப் போனாள். டீ கிளாஸும் கையுமாக, விளக்குக் கம்பம் மாதிரி வளர்ந்த சுப்பையாவையே அழைத்து வந்து சுவரோரமாக நிறுத்தினாள். அவர் வேட்டி முடிச்சுக்கு நேராகச் செங்கல் துண்டால் ஒரு கோடு இழுத்தாள். கொஞ்சம் யோசித்தாள்... மார்புக்கு நேராக இன்னொன்று இழுத்தாள்.