டாக்டரின் கைராசி

எனக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து, நானும் என் வீட்டுக்காரரும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு மறுபடி காட்டப் போயிருந்தோம். ஹாலில் ஒரு நர்ஸ் பெண் பதில்களைப் பதிய டேப்லெட் கம்ப்யூட்டரோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டுமாம். எந்த வேலை செய்ய முடிகிறது, எங்கே வலிக்கிறது என்பதை நோயாளி சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியுமாம்.

"படி ஏற வலிக்காம்மா? லேசாவா, ரொம்பவா?"

நான் வாய் திறக்குமுன் என் வீட்டுக்காரர், "அதெல்லாம் இவ ஜோரா ஏறுதா" என்றார்.

"கீழ உக்காந்து எந்திரிக்க?"

"எந்திரிக்கா."

"சாக்ஸ் மாட்ட?"

இதற்கு மட்டும் முழித்தார். எங்கள் ராஜபாளையம் வெயிலில் யார் சாக்ஸ் போடுகிறார்கள்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. டாக்டர் கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர். ஹால் நிறைய ஆட்கள். அத்தனை பேர் காதில் விழ "வலிக்கு" என்றால் அவர் ராசி என்னாவது? போன தடவையும் "நல்லாருக்கேன் சார்" என்று கும்பிடு போட்டுவிட்டுத்தான் வந்தேன். உண்மையில் முட்டி சரியாக மடங்கவில்லை. தளவாய்புரம் கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுப்பவள் நான். பெடலில் கால் வைத்தால் சுள்ளென்று இழுத்தது. மிஷினைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். இனிமேல் தைக்கவே முடியாதோ என்று உள்ளுக்குள் பயம்.

"தொழில் பாக்க சிரமம் இருக்காம்மா?"

"ஒரு சிரமமும் இல்ல" என்றார் இவர்.

வந்ததே எனக்குக் கோபம். "ஏன், உங்க காலையா அறுத்தாக? செத்த நேரம் சும்மா இருங்க. ஏம்மா, என்னால மிஷின் மிதிக்க முடியல. ரொம்ப வலிக்கு. அதையே போடு!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. போச்சு, நல்ல மனுஷன் பேரைக் கெடுத்துவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

உள்ளே கூப்பிட்டபோது, என் பதில்களைப் பார்த்த டாக்டர் முகம் கோணவில்லை. "எக்ஸ்ரே அம்சமா இருக்கு. ஆனா இப்படியே விட்டா முட்டி இறுகிப் போகும். முன்னாடியே சொல்லிருக்கலாம்லம்மா?" என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே என் காலைப் பிடித்து மடக்கிய பெண்ணை மனசுக்குள் வையாத வசவில்லை. ஆனாலும் விடாமல் போனேன். பொறவு ஒருநாள் காலையில் பெடலை மிதித்தேன், மிஷின் கடகடவென்று ஓடியது. அழுகையே வந்துவிட்டது.

அடுத்த தடவை அதே ஹால், அதே கேள்விகள். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

"தொழில் பாக்க சிரமம் இருக்காம்மா?"

"மிஷின் மிதிக்கேம்மா! வலியே இல்ல!" என்று கடைசி வரிசை நாற்காலி வரை கேட்கும்படி கத்தினேன்.

"மெதுவா சொன்னாலே போதும்மா" என்றாள் அந்தப் பெண்.

எப்படிப் போதும்? வலிக்கிறது என்று அன்றைக்குச் சொன்னது ஹாலுக்கே கேட்டதே!